எண்ணாத எண்பதாயிரம் நோட்டு

"மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று ஆடிட்டர் கேட்டார்.

கணக்குப் பார்க்க வந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? நான் கவுண்டரில் ஒருவருக்குப் பென்ஷன் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. எரிச்சலாக வந்தது.

"ஒண்ணரை இருக்கும் சார். தினமும் அதான் நேரம்."

"என்ன சாப்பாடு?"

"பிரியாணி. வருசக் கடைசியில்லியா, பேங்க் செலவுல வாங்கித் தருவாங்க. எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுவோம். ஒரு முக்கால் மணி நேரம்."

அவர் கையிலிருந்த தாளில் எதையோ பெருக்கிப் பார்த்தார். "அன்னைக்கு இந்தக் கவுண்டர்ல கடன் வசூல் நாலு கோடின்னு கம்ப்யூட்டர் சொல்லுகு. எல்லாம் ரொக்கம். ஐநூறு ரூவா நோட்டாவே வந்துதுன்னு வச்சாலும் எண்பதாயிரம் நோட்டு. அதே நாளு நாலு கோடிக்குப் புதுக் கடனும் குடுத்திருக்கீங்க. அதுவும் ரொக்கம். அது இன்னொரு எண்பதாயிரம். எண்ணுக மிஷினு ஜனவரியிலருந்தே ரிப்பேர். நடுவுல முக்கால் மணி நேரம் பிரியாணி. உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா."

பென்ஷன்காரரிடம் பணத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

நான் பொன்செல்வி. திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் பத்தொன்பது வருஷமாகக் காசாளர். பிறந்தது பொன்முடி மலையில், எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில். எங்கள் ஆட்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்தவர்கள். லைனிலிருந்து படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கேள்வி கேட்டவர் தாணுமாலையன். வலியசாலையில் வீடு, பூர்வீகம் நாஞ்சில் நாடு. எங்கள் வங்கி நல்ல நிலையில் இருக்கிறதா, போட்டவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அதற்கு வக்கு இருக்கிறதா என்று பார்த்து, ஏ, பி, சி, டி என்று ஒரு கிரேடு போட வேண்டியது அவர் வேலை. பதினோரு வருஷமாக எங்களுக்கு ஏ. வாசல் பலகையில் வங்கியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அந்த ஏ இருக்கிறது. இதுவரை வந்த ஆடிட்டர்கள் மூன்று நாள் உட்கார்ந்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் மூன்று வாரமாக என் கவுண்டருக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தயிர்சாதம் வீட்டிலிருந்தே வந்துவிடும். எங்கள் டீயைக்கூடத் தொடவில்லை.

அந்த நாலு கோடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒருவர் ஐந்து லட்சம் கடன் வாங்கியிருப்பார். வட்டியும் கட்டமாட்டார், முதலும் கட்டமாட்டார். மார்ச் முப்பத்தொன்று வந்ததும், வட்டியோடு சேர்த்து ஆறு லட்சத்துக்கு அவர் பெயரில் புதுக் கடன் எழுதுவோம். அந்தப் புதுக் கடனை வைத்துப் பழைய கடனை அடைத்ததாக எழுதுவோம். கம்ப்யூட்டரில் இரண்டும் ரொக்கம் என்று ஏறும், ஆனால் ஒரு ரூபாய் உள்ளே வராது, ஒரு ரூபாய் வெளியே போகாது. ஆளே வரமாட்டார். கடன் வாங்கின அன்றைக்கே நாலு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்போம். இதற்குக் கடனைப் புதுக்குவது என்று பெயர். இப்படிப் புதுக்கினால் வசூல் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று வரும். வராத வட்டி லாபத்தில் ஏறும். லாபம் வந்தால் ஏ. ஏ வந்தால் டெபாசிட் வரும்.

நான் இதைத் தப்பு என்றே நினைத்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தத் தொண்ணூற்றெட்டை டைப் அடித்தவளே நான். டைப் அடித்துவிட்டு, அதே தாளை மலைக்குக் கொண்டுபோய், "பாருங்க, எங்க பேங்க்ல நூறு ரூவா கடன் குடுத்தா தொண்ணூத்தெட்டு ரூவா திரும்பி வருது" என்று லைனில் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். மனசார நம்பித்தான் சொன்னேன். கூமுட்டை.

வருஷா வருஷம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை டெபாசிட் சேர்க்கும் யக்ஞம் நடக்கும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்து லட்சம் டார்கெட். மற்றவர்களுக்குக் கல்ஃபில் அண்ணன், தம்பி இருந்தார்கள். எனக்கு எஸ்டேட் லைன்தான் இருந்தது. எஸ்டேட்டை மூடிப் பல வருஷம் கழித்து, கேஸ் போட்டு, கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வந்த சமயம் அது. இருபத்து மூன்று வீட்டுப் பணத்தை நான் கொண்டுவந்து இங்கே போட்டேன். ஒன்று எங்கள் அம்மாவுடையது.

மலையிலிருந்து வருவது லேசில்லை. பஸ் குறைவு. ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் அவர்கள் டெபாசிட் ரசீதின் பின்பக்கம் கையெழுத்தோ கைநாட்டோ முன்கூட்டியே போட்டு என்னிடமே கொடுத்துவிடுவார்கள். 'நீ பாத்துக்கோ' என்பார்கள். தவணை முடிந்தால் நானே புதுக்குவேன். அத்தனை ரசீதையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என் டிராயரில் வைத்திருந்தேன். கடன்காரரும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், டெபாசிட்காரரும் போட்டிருக்கிறார், இரண்டு பேருமே வராமல் நாங்களே எல்லாம் எழுதிக்கொள்கிறோம் என்பது ஆடிட்டர் அந்தப் பிரியாணிக் கேள்வி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் செக்ரட்டரி ராகேஷ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். முப்பத்தெட்டு வயது, எனக்குத் தம்பி மாதிரி. காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் அவனுக்குத் தமிழ் வரும்.

"சேச்சி, ஒரு ஒப்பு மதி." ஒரு கையெழுத்துப் போதுமாம். மேஜையில் ஒரு தாளைத் திருப்பி வைத்தான். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நாலு கோடி ரூபாய் ரொக்கமாகக் கவுண்டரில் வாங்கினேன், எண்ணினேன் என்று காசாளர் கொடுக்கும் சான்று. "ஆடிட்டர் இதுதான் கேக்குன்னு. இது கிட்டினா அயாளு போகும்."

"நான் எண்ணலியே ராகேஷே."

"எண்ணலன்னு ஆருக்கு அறியும்?"

புத்தகத்துக்குத் தெரியும். காசாளர் தினமும் எழுத வேண்டிய ஒரு புத்தகம் உண்டு. டினாமினேஷன் புத்தகம் என்போம். ஐநூறு எத்தனை, இருநூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று வந்ததும் போனதும் கையால் எழுதி, கீழே என் கையெழுத்து. கம்ப்யூட்டரில் யாரும் எதையும் எழுதலாம். நோட்டை எண்ணி எழுதுகிற இடத்தில் எனக்குப் பொய் எழுத வந்ததே இல்லை. கை பழக்கம் அப்படி. அந்த முப்பத்தொன்றாம் தேதி பக்கத்தில், வந்த பணம் இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐநூறு என்று இருக்கிறது.

"ஆடிட்டர் அந்தப் புத்தகம் எங்கன்னு கேட்டு. சிதல் அரிச்சுப் போயின்னு நான் சொல்லி," என்றான் ராகேஷ். கரையான் அரித்துவிட்டதாம். "சேச்சி அதை வீட்டுக்குக் கொண்டு போய் அடுப்பில் இட்டுக்கோ."

நான் அதை அடுப்பில் போடவில்லை. சான்றில் கையெழுத்தும் போடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன். என் நாற்காலியில் குஷன் அமுங்கிப் போய் இடுப்பு வலி உயிரை வாங்கும். புத்தகத்தை அந்தக் குஷனுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆடிட்டர் மூன்றடி பின்னால் உட்கார்ந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு எந்தப் பக்கமும் எழுந்திருக்கத் தெம்பில்லை.

நாலாம் நாள், பதினொன்றரை மணிக்கு, முத்தாரம்மாள் வந்து கவுண்டர் முன்னால் நின்றாள்.

லைனில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. எனக்குச் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். புருஷன் செத்து, அவருடைய கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் சேர்ந்து ஐந்து லட்சத்து எண்பதாயிரம் வந்தது. அதை நான்தான் வாங்கிவந்து இரண்டு வருஷத்துக்குப் போட்டேன். பெரிய துணிப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மலையிறங்கி வந்த களைப்போடு சிரித்தாள்.

"ஏட்டி செல்வி, கடிதாசி கிட்டிச்சு. அதான் ஓடி வந்துட்டேன்."

"என்ன கடிதாசி சித்தி?"

பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். ஆடிட்டர் அனுப்பியது. நாற்பது டெபாசிட்காரர்களைப் பொறுக்கியெடுத்து, 'மார்ச் முப்பத்தொன்றில் உங்கள் பெயரில் இவ்வளவு இருக்கிறது, சரியென்றால் கையெழுத்திட்டு அனுப்புக' என்று மலையாளத்தில் அனுப்பியிருந்தார். சித்திக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அவள் பார்த்தது முத்திரையையும், ஆறு லட்சத்து எழுபத்தாறாயிரம் என்ற எண்ணையும்தான். பணம் தயார், வந்து வாங்கிக்கொள் என்று பேங்க் கூப்பிட்டதாக நினைத்துப் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

"விதுரையில மூணு சென்டும் ஒரு பழைய வீடும் பாத்துருக்கோம்னு சொன்னம்லா? ஒம்பது லச்சம். மவன் மூணு போட்டுட்டான். நாளைக்குப் பத்து மணிக்கு ரெஜிஸ்டர். நாளைக்கு ஆறு லச்சம் கொண்டு போகலன்னா அட்வான்ஸ் போயிரும், வீடும் போயிரும். லைன் வீட்டுல மழைக்கு மேற்கூரை போயிட்டு கேட்டியா. நேத்து ராத்திரி முச்சூடும் பாத்திரம் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். நீ எண்ணிக் குடு. ரெண்டரை வண்டியப் பிடிக்கணும்."

அவள் டெபாசிட் மார்ச் பன்னிரண்டாம் தேதி முடிந்துவிட்டது. யக்ஞத்தில் என் டார்கெட்டுக்கு ஆறு லட்சம் குறைந்தது. டின்னைத் திறந்தேன், கைநாட்டு வைத்த ரசீது இருந்தது, இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுக்கிப் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. மலையில் ஃபோனுக்கு ரேஞ்ச் கிடையாது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், வட்டி கால் சதவீதம் அதிகம்தானே, சித்தி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வேறு யார் மீதும் பழி போட எனக்கு வழியில்லை.

தவணை முடியாத டெபாசிட்டை இடையில் உடைக்க செக்ரட்டரி கையெழுத்து வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், பணம் வேண்டும். இரண்டு மாதமாக யார் வந்து கேட்டாலும் வாரத்துக்குப் பத்தாயிரம்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். சர்வர் வேலை செய்யவில்லை, மேலிடத்திலிருந்து பணம் வரவில்லை என்று தினம் ஒரு கதை சொல்வோம். அன்றைக்குப் பெட்டியில் இருந்தது ஏழு லட்சத்துப் பத்தாயிரம். நாளைக்கு எங்கிருந்து வரும் என்று ராகேஷுக்கே தெரியாது.

"உக்காருங்க சித்தி, இப்ப வாறேன்," என்று சொல்லிவிட்டு ராகேஷ் அறைக்குப் போனேன்.

முழுதும் கேட்டுக்கொண்டான். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்தாரம்மாளைப் பார்த்தான். பிறகு டிராயரிலிருந்து அந்தச் சான்றை எடுத்து, பக்கத்திலேயே டெபாசிட் உடைக்கும் படிவத்தையும் வைத்தான். இரண்டும் ஒரே மேஜையில் அருகருகே கிடந்தன.

"சேச்சி இதில் ஒப்பிட்டா, நான் அதில் ஒப்பிடும்," என்றான்.

"இது நியாயமா ராகேஷே? அவங்க காசு அது."

"எல்லாவருக்கும் அவரவர் காசுதான். ஏழு லட்சமே உள்ளு. ஆருக்குக் குடுக்கணும்னு நான் தீருமானிக்கணும்." அவன் குரலிலும் தெம்பில்லை. "எனக்கும் பயமுண்டு சேச்சி. என் அச்சனோட பைசாவும் இதில்தான் கிடக்குன்னு."

அவனைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. மூன்று சென்ட் நிலம் கண்ணுக்கு முன்னால் நின்றது. மேற்கூரை இல்லாத லைன் வீடு நின்றது. நாலு கோடியும் ஏ கிரேடும் எங்கோ தூரத்தில் இருந்தன. போங்கடா என்று கையெழுத்துப் போட்டேன். அவனும் போட்டான்.

டெபாசிட்டை முடித்துச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்து, அங்கிருந்து எடுத்து, எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் உடைத்ததற்கு வட்டி குறைக்காமல் ராகேஷ் மொத்தத்தையும் கொடுத்தான். எனக்குச் செய்த உபகாரமாம். ஐநூறு ரூபாய்க் கட்டு பதின்மூன்றும், மேலே ஐம்பத்திரண்டு நோட்டும். ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு நோட்டை எண்ணவே என் தோள்பட்டை கழன்றுவிட்டது. எண்பதாயிரம் எண்ணினேன் என்று சற்று முன்னால்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். ராகேஷ் அந்தச் சான்றை என் முன்னாலேயே கொண்டுபோய் ஆடிட்டர் மேஜையில் வைத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

முத்தாரம்மாள் கட்டுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் பத்தாயிரத்துக்காக நிற்கிறவர்கள். அவர்கள் கண்ணெல்லாம் அந்தக் கட்டுகள்மேல் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள், மலையில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குக் கூப்பிடுகிற குரல் அவளுக்கு.

"லைன்ல அவளுவ என்னவெல்லாம் சொன்னாளுவ தெரியுமாட்டி? கூட்டுறவு பேங்கெல்லாம் பூட்டுகாவளாம், போட்ட காசு கிட்டாதாம், ஒப்பாரி வச்சாளுவ. எங்க செல்வி இருக்க இடத்துல அப்படி நடக்காதுன்னு நான் சண்டை போட்டேன். இப்பப் பாரு, கேட்டதும் எடுத்து வச்சுட்டே. நான் போயி ஒவ்வொருத்தி வாசல்லயும் சொல்லுவேன். மேலத்து நேசமணி மவ நகையை வித்த காசை எங்க போடன்னு தவிச்சுக்கிட்டிருக்கா. அவளையும் இங்க அனுப்புகேன்."

பிறகு பதிமூன்று கட்டில் ஒன்றையும், மேலே இருந்த ஐம்பத்திரண்டு நோட்டையும் பிரித்துத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

"வீட்டுக்கு ஆறு மதி. இந்த எழுபத்தாறு என் கையில இருந்தா செலவாயிரும். நீயே போட்டு வையி. எங்க கைநாட்டு வைக்கணும், சொல்லு." இடது கைப் பெருவிரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

மசிப்பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஆயிரம் தடவை அதை நகர்த்தி வைத்திருப்பேன். கை வரவில்லை.

"வேண்டாம் சித்தி," என்றேன்.

"என்னட்டி வேண்டாம்?"

"போடாதீங்க. இங்க போடாதீங்க. நேசமணி மகளையும் அனுப்பாதீங்க. இந்தப் பேங்க்ல காசு இல்ல."

மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் வரிசை முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒருவர் "எந்தா? எந்தா பறஞ்ஞே?" என்று, நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். ராகேஷ் அறையிலிருந்து எழுந்து, வாசலிலேயே நின்றுவிட்டான்.

நான் எழுந்தேன். குஷனைத் தூக்கினேன். புத்தகத்தை எடுத்துத் துடைத்து, தாணுமாலையன் மேஜையில் வைத்தேன். "சிதல் அரிக்கல சார். நான்தான் இதுமேல உக்காந்திருந்தேன்."

அவர் மார்ச் முப்பத்தொன்றைத் தேடிப் பிடித்து, கூட்டுத் தொகையை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு பிப்ரவரி, ஜனவரி என்று பின்னால் புரட்டினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் முகம் இன்னும் வாடிப் போயிற்று.

"முப்பது வருசமா கணக்குப் பாக்கேன்," என்றார். "சந்தேகம் தப்பாப் போகணும்னு நெனச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைத் தொறக்கது. இப்ப குடுத்தீங்களே ஒரு சான்று, அதை என்ன செய்ய?"

"வச்சுக்கிடுங்க. பொய்ச் சான்றுன்னு எழுதி வச்சுக்கிடுங்க."

"அந்த ஆறு லட்சத்து எழுபத்தாறும் எழுத வேண்டி வரும்மா. எதுக்காகக் குடுத்ததுன்னும். உங்க பேரோட."

"எழுதுங்க சார்."

திரும்பி வந்தபோது வரிசை கலைந்து எல்லோரும் கவுண்டர்மேல் சாய்ந்து நின்றார்கள். பெட்டியில் முப்பத்து நாலாயிரம் மிச்சம் இருந்தது. முன்னால் நின்ற மூன்று பேருக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தேன். நாலாவது ஆளுக்கு நாலாயிரம். பிறகு பெட்டியைத் திறந்து அவர்களுக்கே காட்டினேன். ஒருவர் என் அப்பனையும் அம்மையையும் இழுத்துத் திட்டினார். திட்டட்டும், அதற்குக் கூலியாகத்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்.

முத்தாரம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் டிராயரிலிருந்து பிஸ்கட் டின்னையும், அவள் திருப்பித் தள்ளிய எழுபத்தாறாயிரத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"சித்தி, இதுல இருபத்திரண்டு ரசீது இருக்கு. எல்லாம் நம்ம லைன் ஆளுங்களோடது. கொண்டு போயி அவங்கவங்க கையில குடுத்திருங்க. இனி என்கிட்ட இருக்க வேண்டாம்."

"இதைக் கொண்டு வந்து நீட்டினா காசு தருவாவளா?"

"இப்ப இல்ல."

"பின்ன எப்போ?"

"எனக்குத் தெரியாது சித்தி."

அவள் டின்னைப் பார்த்தாள். தன் பையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், மூன்று வாரம் கணக்குப் பார்த்த மனிதர் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப எனக்கு மட்டும் எப்படிட்டி குடுத்தே?"

என்னத்தைச் சொல்வேன்? உங்களிடம் கேட்காமல் புதுக்கிப் போட்டேன், அந்தக் குற்றத்தை மறைக்க ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டேன், இருபத்து மூன்று பேரில் எனக்கு முன்னால் வந்து நின்றது நீங்கள், அதனால் கொடுத்தேன் என்று அத்தனையையும் சொன்னேன். பேங்க் பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தொடவும் இல்லை.

"உங்கம்மை காசும் இதுலதானே கிடக்கு?"

"ஆமா."

"நான் ஆறு லச்சத்தை மடியில வச்சுக்கிட்டு, இந்த டின்னையும் தூக்கிக்கிட்டு, ஒவ்வொரு வாசலா எப்படிட்டி போவேன்? என் முகத்துல துப்ப மாட்டாளுவளா?" டின்னை என் மடியில் வைத்தாள். "நீ வாங்கினது. நீயே வந்து குடு."

எழுந்து வெளியே நடந்தாள். எழும்போதே பெஞ்சில் கிடந்த அந்த எழுபத்தாறாயிரத்தையும் மறக்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பெட்டிச் சாவியை ராகேஷிடம் கொடுத்தேன். அவன் அப்பாவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். தாணுமாலையன் தயிர்சாதத்தைப் பிரிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். வாசலில் அந்த ஏ போட்ட பலகைக்குக் கீழே அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் அதற்குள் புகுந்து, டின்னைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ரெண்டரை வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. முத்தாரம்மாள் முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். பக்கத்து இடம் காலி. நான் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேரூர்க்கடை தாண்டும்வரை அவள் திரும்பியே பார்க்கவில்லை.

அப்புறம் பையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள்.

"இரு. எத்தனை நேரம் நிப்பே?"

உட்கார்ந்தேன். டின்னைக் காலுக்கு இடையில் வைக்கப் போனேன். அவள் வாங்கித் தன் பைமேல் வைத்துக்கொண்டாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே ரசீதுகள் சலசலத்தன.

"முதல்ல யாரு வீட்டுக்குப் போவே?" என்று கேட்டாள்.

"அம்மா வீட்டுக்கு," என்றேன்.

கண்டக்டர் வந்தார். சித்தி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, கசங்கின நோட்டுகளை எண்ணி இரண்டு டிக்கெட் வாங்கினாள்.